கிணற்றடி மோட்டர் எரிந்தால்: கடைக்கு ஓடுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

சாவகச்சேரி நகரில் கண்டி வீதியோரம் உள்ள எந்த ஹாட்வெயார் கடையில் நின்று பார்த்தாலும் ஒரு விடயம் புரியும். ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் சிமெந்தும் கம்பியும் கேட்டு வருவோரை விட, "தண்ணி மோட்டர் இருக்கா, இன்றைக்கே வேணும்" என்று பதறியபடி வருவோரே அதிகம். காலையில் சுவிட்சைப் போட்டிருப்பார்கள். மோட்டர் 'ம்ம்ம்' என்று முனகியிருக்கும், அல்லது வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கும். தாங்கியில் ஒரு சொட்டு நீரில்லை. பிள்ளைகள் பாடசாலைக்குப் போக வேண்டும், லுஹருக்கு வுழூச் செய்ய வேண்டும். அந்த அவசரத்தில் கடைக்காரர் எதை எடுத்துத் தந்தாலும் வாங்கிக்கொண்டு வருவதும், வீட்டிலேயே கழற்றிப் பூட்டுவதும் வழமையாகி விட்டது. பணம் வீணாவது ஒரு புறமிருக்க, உயிர் போகும் சந்தர்ப்பமும் அந்த அவசரத்திலேயே ஏற்படுகிறது.

யாழ் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. அதைத்தான் கிணறுகளில் அள்ளிக் குடிக்கிறோம். முன்பு துலாக் கிணறு இருந்தது. பின்னர் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரம் வந்தது. மின்சார மோட்டர் வீட்டுக்கு வீடு நுழைய முயன்ற காலத்தில் யுத்தம் குறுக்கிட்டது. 1990இல் மின்சாரமும் போயிற்று, எரிபொருளும் தடைப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சாவகச்சேரி முஸ்லிம் குடும்பங்களும் வீடு வாசலையும் கிணற்றையும் விட்டுவிட்டே புறப்பட்டன. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரமே பெருமளவு தரைமட்டமானது. 2002 யுத்த நிறுத்தத்தின் போதும் 2009க்குப் பின்னரும் திரும்பி வந்தவர்களுக்கு முதல் வேலையாக இருந்தது கிணற்றை இறைத்துத் துப்பரவு செய்வதே. கூரை போட முன்பே மோட்டர் வாங்கியவர்கள் உண்டு.

இந்த வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவ்வாறு அவசரமாக இழுத்த வயர்களும், கூரையில்லாத கிணற்றடியில் வைத்த மோட்டர்களும் பல வீடுகளில் இன்றும் அப்படியே இருக்கின்றன. மோட்டரை மாற்றுபவர்கள் அதற்கு வரும் வயரைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

உண்மையில் மோட்டர்தான் பழுதா?

வைண்டிங் கடைக்கு வரும் எல்லா மோட்டரும் எரிந்தவையல்ல. முனகுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கெபாசிட்டரையே. ஒற்றைக் கட்ட மோட்டருக்குத் தானாகச் சுழலத் தொடங்கும் சக்தி கிடையாது. கெபாசிட்டர் தரும் தள்ளலில்தான் அது புறப்படுகிறது. அது வீங்கியிருந்தால் அல்லது வலுவிழந்திருந்தால் மோட்டர் நின்ற இடத்திலேயே சூடாகி, சில நிமிடங்களில் உண்மையாகவே எரிந்து விடும். மாற்றும்போது பழையதில் எழுதியுள்ள அதே மைக்ரோபரட் அளவையும், அதே அல்லது அதற்குக் கூடிய வோல்ட் அளவையும் கேட்டு வாங்க வேண்டும். கூடிய மைக்ரோபரட் போட்டால் கூடிய வேகம் கிடைக்கும் என்று சிலர் சொல்வது பிழை. வைண்டிங்தான் சூடேறும்.

கெபாசிட்டர் நல்லது, ஆனாலும் சுற்றவில்லை என்றால் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். பல நாள் ஓடாமல் கிடந்த மோட்டர்களில் இது சாதாரணம். மின்சாரத்தை முற்றாகத் துண்டித்த பின் பின்பக்க விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தால் தெரிந்து விடும். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங். பம்புக்கும் மோட்டருக்கும் இடையில் நீர் கசிந்தால் சீல். இவை இரண்டும் புது மோட்டரின் விலையோடு ஒப்பிட்டால் சிறு செலவுகள். ஆனால் கசியும் சீலை மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் அந்த நீர் பேரிங் வழியாக வைண்டிங்குக்குள் போய்விடும். அப்போது சிறு செலவு பெரும் செலவாகும்.

மோட்டர் நன்றாக ஓடுகிறது, நீர்தான் வரவில்லை என்றால் அதைக் குறை சொல்லவே வேண்டாம். கிணற்றுக்குள் இருக்கும் ஃபுட் வால்வில் குப்பை சிக்கியிருக்கும், அல்லது உறிஞ்சும் குழாயின் ஏதோ ஒரு மூட்டில் காற்று போகும். உறிஞ்சும் பக்கத்தில் நீர் வெளியே கசிவதில்லை, காற்றுத்தான் உள்ளே போகிறது. அதனால் கண்ணுக்குத் தெரியாது.

எத்தனை எச்.பி. வேண்டும்?

வியாபாரப் பக்கம் என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். "அரை எச்.பி. போதுமா? ஒன்று போடுங்கோ, பாஸ்ட்டா ஏறும்" என்பது கடைகளில் கேட்கும் வசனம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தென்மராட்சியில் பெரும்பாலும் ஆழம் குறைந்த கிணறுகளே. நீர்மட்டத்திலிருந்து மோட்டர் வரை 3 மீற்றர், அங்கிருந்து தாங்கி வரை 6 மீற்றர், குழாய் உராய்வுக்கு இன்னும் 3 மீற்றர் என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் 12 மீற்றர். 1000 லீற்றர் தாங்கியை அரை மணி நேரத்தில் நிரப்ப நிமிடத்துக்கு 33 லீற்றர் போதும். நீரை உயர்த்த மட்டும் தேவையான வலு ஏறத்தாழ 65 வாற்று. சிறிய பம்புகளின் வினைத்திறன் குறைவு என்பதால் அதை மூன்றால், நான்கால் பெருக்கினாலும் 200 முதல் 260 வாற்றுக்குள் அடங்கும். அரை எச்.பி. என்பது 373 வாற்று. ஆகவே சாதாரண வீட்டுக்கு அரை எச்.பி.யே தாராளம்.

பெரிய மோட்டர் போட்டால் மின்கட்டணம் இரட்டிப்பாகும் என்பதும் முழு உண்மையல்ல. அது விரைவாக நிரப்பி விடும், ஓடும் நேரம் குறையும். கட்டணத்தை ஏற்றுவது பெரும்பாலும் தாங்கி நிரம்பி வழிவதும், ஃபுட் வால்வு பிடிக்காமல் மோட்டர் வெறுமனே ஓடுவதுமே. தாங்கிக்குள் ஒரு மிதவைச் சுவிட்ச் போட்டால் அந்தச் செலவு சில மாதங்களிலேயே திரும்பி விடும்.

பெரிய மோட்டரின் உண்மையான நட்டம் கிணற்றுக்குத்தான். நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கோட்பாட்டளவில் கீழே 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய சூத்திரம். மேலே சிறிதளவு இறங்கினாலும் அடியிலுள்ள உப்பு நீர் அதைப் போலப் பல மடங்கு மேலெழும். வேகமாக உறிஞ்சும்போது மோட்டருக்கு நேர் கீழே உப்பு நீர் கூம்பு போல எழுந்து வருகிறது. கடல்நீரேரியை அண்டிய பகுதிகளில் "கிணறு கரித்துப் போச்சு" என்ற பேச்சு அடிக்கடி கேட்கும் ஒன்று. சிறிய மோட்டரை மெதுவாக, காலையும் மாலையுமாகப் பிரித்து ஓட விடுவதே அங்கு புத்திசாலித்தனம். 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது நல்ல செய்தியே. ஆனாலும் குழாய் நீர் வந்துவிடும் என்று நம்பிக் கிணற்றைக் கெடுத்துக்கொள்வது சரியல்ல.

நிலத்தின் மேல் வைக்கும் பம்பு கணக்கின்படி 10 மீற்றருக்குச் சற்று மேல் வரை உறிஞ்ச வேண்டும். நடைமுறையில் 7 மீற்றரோடு களைத்து விடும். கிணறு அதைவிட ஆழம் என்றால் மாத்திரமே நீரில் மூழ்கும் மோட்டரைப் பற்றி யோசியுங்கள். ஆழம் குறைந்த கிணற்றுக்கும் அதையே பரிந்துரைக்கும் கடைக்காரர் தன் இலாபத்தையே பரிந்துரைக்கிறார்.

வெளிநாட்டிலிருந்து வந்த மோட்டர்

எமது வீடுகளில் அனேகமாக ஒருவராவது மத்திய கிழக்கில் இருப்பார். வரும்போது மோட்டர் கொண்டு வருபவர்களும், கொள்கலனில் அனுப்புபவர்களும் உண்டு. இதில் ஒரு பொறி இருக்கிறது. இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கட்டார், குவைத், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றிலும் 50 ஹேர்ட்ஸ்தான். ஆனால் சவூதி அரேபியாவில் 60 ஹேர்ட்ஸ். அங்கு வாங்கிய 60 ஹேர்ட்ஸ் மோட்டரை இங்கே மாட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். நீரை உயர்த்தும் திறன் அதைவிட அதிகமாக, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். நீர் குறைவதோடு போனால் பரவாயில்லை. இரும்புக் கருவில் காந்தம் செறிந்து மோட்டர் அதிக மின்னை இழுத்துச் சூடாகும். சவூதியில் 10 வருடம் ஓடியிருக்கக் கூடியது சாவகச்சேரியில் ஒரு கோடை தாங்காமல் போகலாம். பெயர்த் தகட்டில் "50" அல்லது "50/60" என்று இருக்கிறதா என்று தொலைபேசியில் படம் அனுப்பச் சொல்லிப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள்.

தகட்டில் இன்னொன்றையும் தேட வேண்டும். வைண்டிங் செம்பா அலுமினியமா என்பதைப் பல மலிவு மோட்டர்களில் எழுதுவதே இல்லை. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பின் ஐந்தில் மூன்று பங்கு மட்டுமே. அதே எச்.பி. கொண்ட இரண்டு மோட்டர்களைக் கையில் தூக்கிப் பாருங்கள். குறிப்பிடத்தக்க அளவு பாரம் குறைந்ததை விலைக்கு மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். செம்பு வைண்டிங் என்று கடைக்காரர் சொன்னால், அதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் விடை கிடைத்து விட்டது.

கழற்றும் போது

மோட்டர் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைப்பதே பெரும்பாலான விபத்துகளின் ஆரம்பம். சுவிட்ச் பிழையான கம்பியில், அதாவது நியூட்ரலில் பூட்டப்பட்டிருந்தால் மோட்டர் நிற்கும், ஆனால் அதற்குள் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பழைய வயரிங்கில் இது அரிதல்ல. ஆகவே பிரதான ஆளியையே அணைத்து, மோட்டருக்குரிய செருகியையும் கழற்றி விட வேண்டும். வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லி விடுங்கள். "ஏன் கரண்ட் இல்லை" என்று யாராவது வந்து ஆளியைத் தூக்கி விடுவதற்கு ஒரு நொடி போதும். டெஸ்டரால் பார்க்கும்போது, அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை மின் உள்ள இடத்தில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். செத்துப்போன டெஸ்டர் எல்லாக் கம்பியையும் பாதுகாப்பானதென்றே காட்டும்.

மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின்னரும் கெபாசிட்டருக்குள் மின்னேற்றம் தேங்கியிருக்கும். ஸ்க்ரூ ட்ரைவரால் இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டு 'டப்' என்று வெடிக்க வைப்பது மெக்கானிக்குகளின் பழக்கம். அது கண்ணுக்கும் ஆபத்து, கெபாசிட்டருக்கும் கேடு. பழைய இழை மின்குமிழ் ஒன்றின் இரண்டு கம்பிகளையும் அதன் முனைகளில் சில விநாடிகள் பிடித்தால் மின்னேற்றம் அமைதியாக இறங்கி விடும்.

கம்பிகளைக் கழற்றும் முன் தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. நிறங்களை மாத்திரம் நம்ப வேண்டாம். பழைய வயர்களில் சிவப்பு உயிர்க் கம்பி, கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதியவற்றில் மண்ணிறம், நீலம், பச்சை-மஞ்சள். யுத்த காலத்தில் கிடைத்த வயரைக் கொண்டு இணைத்த வீடுகளில் எந்த நிறத்துக்கும் எந்த அர்த்தமும் இருக்காது.

வயரின் தடிப்பும் முக்கியம். வீட்டிலிருந்து கிணற்றடி 40 மீற்றர் தூரம், 1 சதுர மில்லிமீற்றர் வயர், ஒரு எச்.பி. மோட்டர் என்று வைப்போம். ஓடும்போது 5 அம்பியர் எடுத்தால் வழியில் 7 வோல்ட் மட்டுமே இழப்பு. ஆனால் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் 25 அம்பியர் இழுத்தால் 36 வோல்ட் வழியிலேயே போய்விடும். மின்னழுத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும் மாலை வேளையில் அந்த மோட்டர் முனகுமே தவிர எழாது. 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் அதே இழப்பு 15 வோல்ட்டாகக் குறையும். புது மோட்டரைப் பழைய மெல்லிய வயரில் பூட்டி, "கடைக்காரன் ஏமாற்றி விட்டான்" என்று திட்டுவோர் பலர்.

எர்த் இருக்கிறது, ஆனால்...

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே. எர்த் கம்பியை மண்ணில் அடித்திருக்கிறோம், பிறகென்ன பயம் என்று கேட்பார்கள். தென்மராட்சியின் மணல் நிலம் கோடையில் காய்ந்து கிடக்கும்போது எர்த் கம்பிக்கு நல்ல தொடுப்புக் கிடைக்காது. அதன் தடை 100 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டரின் உடலில் மின் கசிந்தால் 230ஐ 100ஆல் பிரிக்க 2.3 அம்பியர் மட்டுமே மண்ணுக்குள் போகும். 13 அம்பியர் பியூஸோ, 16 அம்பியர் பிரேக்கரோ இதைக் கணக்கில் எடுக்காது. மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், அதன் உடலிலும் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். ஈரக் காலோடு, வெறுங்காலோடு நின்று அதைத் தொடுபவரின் நிலை என்ன?

இந்த இடத்தில் காப்பாற்றக் கூடியது 30 மில்லியம்பியர் கசிவுக்கே விழும் ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான். அதுவும் வேலை செய்தால் மட்டுமே. அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் மாற்றி விடுங்கள். மோட்டர் போட்டவுடன் ட்ரிப் விழுகிறது என்பதற்காக அதைத் தவிர்த்து நேரடியாக இணைப்பு எடுக்கும் 'கெட்டித்தனம்' சில இடங்களில் நடக்கிறது. ட்ரிப் விழுவது பழுதல்ல, பழுதைச் சொல்லும் சாட்சி. எர்த் இல்லையென்று நியூட்ரலை மோட்டர் உடலோடு இணைப்பதும் அதே வகையைச் சேர்ந்தது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் மோட்டரின் உடல் முழுவதும் 230 வோல்ட்.

பங்குக் கிணறுகளில் இது இன்னும் சிக்கலானது. ஒரே கிணற்றில் மூன்று, நான்கு வீட்டு மோட்டர்கள். உங்கள் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருந்தும் பயனில்லை, அயல் வீட்டாரின் மூழ்கும் மோட்டரில் கசிவு இருந்தால் வாளி போட்டு அள்ளுபவருக்கே ஆபத்து. உறுதியில் கிணற்றுப் பங்கை எழுதியிருக்கிறோம், மோட்டர் பாதுகாப்பைப் பற்றி ஒரு வாய்ப்பேச்சாவது வைத்திருக்கிறோமா? பள்ளிவாசல் வுழூ எடுக்கும் இடத்து மோட்டருக்கும் இதுவே பொருந்தும். ஈரக் காலோடு அத்தனை பேர் நிற்கும் இடம் வேறில்லை. விடுதிகளிலும் வெளிநாட்டிலிருந்து வருவோர் கட்டும் வீடுகளிலும் நீச்சல் தடாகம் வைப்போர் உள்ளனர். தடாக மோட்டரை வீட்டுக்காரர் தானே மாற்ற முனையவே கூடாது. முழு உடலும் நனைந்தவருக்கு மிகச் சிறிய கசிவே போதும்.

மோட்டர் பழுதான நாளில் மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இறைப்பதும் நடக்கிறது. அதன் புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது. நிறமுமில்லை, மணமுமில்லை. விளக்கை இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை என்று இறங்குவது பெரும் தவறு. விளக்கு ஒட்சிசன் குறைவை மட்டுமே காட்டும், காபனோரொட்சைட்டைக் காட்டாது. முதலில் இறங்கியவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் அதே இடத்தில் விழுவார். இயந்திரம் எப்போதும் கிணற்றுக்கு வெளியே, மேலேயே நிற்க வேண்டும்.

பூட்டும் போதும் பின்னரும்

புது மோட்டரை அரை அடி உயர சீமெந்துக் கட்டில் வையுங்கள். மாரியில் கிணற்றடியில் நீர் தேங்கும். மேலே தகரக் கூரை போடலாம், ஆனால் சாக்கால் சுற்றிக் கட்ட வேண்டாம், காற்று போகாவிட்டால் வெந்து விடும். முதன்முதலில் ஓட விடும் முன் பம்பை நீரால் நிரப்புங்கள். உலர்ந்து ஓடினால் புது சீல் நிமிடங்களில் கருகும்.

பழைய மோட்டரை மீள வைண்டிங் செய்வதா, புதிது வாங்குவதா என்ற கேள்விக்குச் சுருக்கமான விடை உண்டு. வார்ப்பிரும்பு உடலும் செம்பு வைண்டிங்கும் கொண்ட பழைய மோட்டர் என்றால் நல்ல கடையில் வைண்டிங் செய்வது இலாபம். தகரம் போன்ற உடல் கொண்ட மலிவு மோட்டருக்கு வைண்டிங் கூலி கொடுப்பது வீண்.

இந்த வேலைக்குத் தேர்ந்த கைகள் இங்கு போதாது என்பதையும் இளைஞர்களுக்குச் சொல்லி வைக்கலாம். அனுபவத்தால் கற்றவர்கள் வகுப்புக்குப் போகாமலே முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின் கீழ் மதிப்பீடு செய்யப்பட்டு தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற வழியுண்டு. நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகார சபை இதற்கு உதவுகிறது. கத்தார் போகவும் அந்தச் சான்றிதழ் கைகொடுக்கும், சாவகச்சேரியில் கடை போடவும் கைகொடுக்கும்.

வாங்கும்போது பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரையும் திகதியும் மோட்டரின் தொடரிலக்கமும் இருக்க வேண்டும். தரமற்ற பொருள் தந்து பொறுப்பேற்க மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதற்காகவே உள்ளது. பற்றுச்சீட்டு இல்லாதவரின் முறைப்பாடு அங்கே பலவீனமாகவே நிற்கும்.

எரிந்த மோட்டரைக் கிணற்றடியில் போட்டு வைக்க வேண்டாம். பழைய இரும்பு வாங்குபவர் அதை இரும்பு விலைக்கே கேட்பார். உள்ளே செம்பு வைண்டிங் இருந்தால் அதற்குத் தனி விலை உண்டு, பேசி வாங்குங்கள். பழைய கெபாசிட்டரை மட்டும் குப்பையோடு சேர்த்து எரித்து விடாதீர்கள், அது வெடிக்கும்.